ஏட்டில் நின்றுபோன வம்சம்

தமிழ்நாட்டில் தன் குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடிப் புறப்படுகிறவர், அதிலும் தென்மாவட்டத்துக்காரர், என்றைக்காவது ஒருநாள் பாளையப்பட்டுகளின் வம்சாவளிகளுக்கு வந்து சேருவார். தொல்லியல் துறை அச்சிட்ட தொகுதியாகவோ, பல்கலைக்கழகம் வெளியிட்ட சுருக்கமாகவோ, யாரோ அனுப்பிய படக்கோப்பாகவோ அது கைக்கு வரும். வந்ததும் எல்லோரும் முதலில் ஊர்ப் பெயரைத் தேடுவார்கள். அடுத்தது தாத்தாவுக்குத் தாத்தாவின் பெயர். அந்தப் புத்தகத்துக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. யார் கேட்டு யார் எழுதியது, எங்கெல்லாம் போனது, எந்தப் பூச்சிக்குத் தப்பித் திரும்பி வந்தது என்று தெரியாமல் அதில் தாத்தாவைத் தேடினால், கிடைக்கிற தாத்தா நம்மவர்தானா என்பது கடைசிவரை விளங்காது.

வாய்மொழியாகவும் ஓலையிலும் கிடந்த குடும்பக் கதைகள் இப்போது நாம் பார்க்கும் வடிவத்துக்கு வந்தது பெரும்பாலும் 1800க்கும் 1820க்கும் இடையில். தெற்குச் சீமையைப் புரட்டிப்போட்ட காலம் அது. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 1801ல் விருப்பாச்சி கோபால நாயக்கரும், சிவகங்கையின் மருது சகோதரர்களும் அதே வழியில் போனார்கள். கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன, பாளையங்கள் சில ஒரே நாளில் இல்லாமல் போயின. எஞ்சியவற்றுக்குத் திருநெல்வேலிச் சீமையில் 1803ல் நிரந்தர சன்னது கொடுத்தது கும்பெனி. அதுவரை படை வைத்துக் காவல் காத்துத் திறை வாங்கிய பாளையக்காரர், கும்பெனிக்குக் கிஸ்தி கட்டும் ஜமீன்தாரானார்.

ஜமீனைக் காப்பாற்றிக்கொள்ளவோ பறிபோன கிராமத்தை மீட்கவோ வேண்டுமானால், ‘நாங்கள் நேற்று முளைத்தவர்களில்லை, எங்களுக்கு இந்த மண் வந்த வழி இது’ என்று கச்சேரியில் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லவேண்டிய நெருக்கடியில் அரண்மனை எழுத்தர்களான ராயசக்காரர்கள் உட்கார்ந்து எழுதியவை இந்த வம்சாவளிகள். வாசிக்கும்போது மனுவின் குரலும் கதையின் குரலும் கலந்து வருவது அதனால்தான். தொடக்கத்தில் புலி வேட்டை, மல்யுத்தம், ராஜாவின் முன் வீரச்செயல். நடுவில் பட்டப்பெயர், குடை, பல்லக்கு, மானியக் கிராமங்கள். கடைசிப் பக்கங்களில் கிஸ்தித் தொகை, அமல்தார் கெடுபிடி, இன்ன கலெக்டர் வந்து இன்னது செய்தார் என்ற முறையீடு. ஒரே ஆவணத்துக்குள் புராண காலத்திலிருந்து வரிக்கணக்குக்கு இறங்கி வந்துவிடுவார்கள்.

கம்பளத்தார் என்ற பாளையக்காரச் சமூகத்தின் வம்சாவளிகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி உண்டு. வடக்கே இருந்தபோது துருக்க அரசன் ஒருவன் தங்கள் குலத்துப் பெண்ணைக் கேட்டான்; கொடுக்க மனமில்லாமல் இரவோடு இரவாகத் தெற்கே கிளம்பினார்கள்; குறுக்கே ஆறு வெள்ளமாக ஓடியது; இரு கரையிலும் நின்ற பொங்கு மரங்கள் வளைந்து பாலமாயின; அக்கரை சேர்ந்ததும் மரங்கள் நிமிர்ந்துகொண்டன. இதே கதை இன்றும் குலதெய்வக் கோயில் பொங்கலில் வாய்மொழியாகச் சொல்லப்படுவதைக் கேட்கலாம். எட்டயபுரத்துக் கதையில், வாசலில் சங்கிலி கட்டி வழிமறித்த சோமன் என்ற மல்லனைக் கொன்று, ஆதரவற்றுப்போன அவனுடைய எட்டுத் தம்பியருக்குத் தகப்பனாக நின்றதால் எட்டப்பன் என்ற பெயர் வந்தது என்கிறார்கள். விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களைப் பாளையக்காரர்களிடம் பங்கிட்டுக் கொடுத்த செய்தியும், தங்களுக்கு இத்தனையாவது கொத்தளம் என்ற உரிமைப் பேச்சும் பலவற்றில் உண்டு. அந்தக் கோட்டை மதிலைத்தான் 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து வெளிவீதிகளாக்கினார். மதில் போய்விட்டது, கொத்தளத்தின் மீதான உரிமை ஏட்டில் தங்கிவிட்டது.

ஏட்டை அரண்மனையிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தின் ஸ்டார்னோவே ஊரில் பிறந்த காலின் மெக்கன்சி. 1783ல் சென்னைக்கு வந்த பொறியியல் படை அதிகாரி. அவர் இந்தியாவுக்கு வந்த கதையே விசித்திரமானது. மடக்கைக் கணிதத்தைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வாழ்க்கை வரலாற்றுக்காக, இந்துக்களின் கணிதம் பற்றிச் சேதி திரட்டும் வேலையில் அவருக்குத் தொடர்பு இருந்தது. நேப்பியர் குடும்பத்துப் பெண்ணான ஹெஸ்டர் ஜான்ஸ்டன் அப்போது மதுரையில் குடியிருந்தார். அவர் வீட்டில் கூடிய பண்டிதர்களைச் சந்தித்தபோதுதான் இந்நாட்டின் பழைய ஆவணங்களைத் திரட்டும் எண்ணம் மெக்கன்சிக்கு உண்டானது என்று, அந்த அம்மையாரின் மகனும் பின்னாளில் இலங்கையின் தலைமை நீதிபதியானவருமான அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் சொல்லியிருக்கிறார்.

எண்ணம் வந்தும் பல வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. போர், பயணம், முகாம் என்று காலம் போனது; மொழியும் தெரியாது. வழி திறந்தது 1796ல், ஏலூரைச் சேர்ந்த காவலி வெங்கட பொர்ரையா என்ற இருபது வயது இளைஞர் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது. இந்திய அறிவின் வாசலுக்குள் தான் நுழைந்தது அவரால்தான் என்று மெக்கன்சியே பிற்பாடு எழுதினார். பொர்ரையா 1803லேயே இறந்துபோனார். தம்பி லட்சுமையா அந்த இடத்துக்கு வந்தார். மெக்கன்சி நடத்திய மைசூர் சர்வேயில் சங்கிலி பிடித்து நிலம் அளந்த அதே கூட்டத்தில், ஊர் ஊராகச் சென்று கைபீது என்ற ஊர்வரலாறு எழுதி வாங்கும் ஆட்களும் இருந்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் நாராயண ராவ், நித்தல நயினா போன்றவர்கள் சுற்றினார்கள்.

இவர்கள் மெக்கன்சிக்கு அனுப்பிய அறிக்கைகளை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரு ஊருக்குப் போய் கர்ணத்தைப் பார்த்தது, அவர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தது, வரி ஏற்ற வந்த கும்பெனி ஆட்கள் என்று ஊரார் வாயை மூடிக்கொண்டது, கெஞ்சியும் பேசியும் கடைசியில் ஏடு கைக்கு வந்தது என்று எல்லாம் அவற்றில் பதிவாகியிருக்கிறது. இன்று குடும்ப வரலாறு தேடுகிறவர் இதைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும். அரசாங்கத்து ஆள் கேட்கும்போது ஒரு குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்வதும், சொல்லாமல் விடுவதும் ஒரு கணக்கோடுதான் இருக்கும். பாளையக்காரர் தன் பெருமையை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருக்கலாம். வருமானத்தைச் சொல்லும் இடத்தில் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

1815ல் இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலான மெக்கன்சி, 1817ல் கல்கத்தாவுக்குப் போனார். திரட்டியதெல்லாம் கூடவே போனது. அப்படித்தான் தென்தமிழ்நாட்டு வம்சாவளிகள் வங்காளத்துக்குக் குடிபெயர்ந்தன. 1821 மே மாதம் அவர் இறந்தார். திரட்டை ஒழுங்குபடுத்தி அட்டவணை போட வேண்டும் என்ற ஆசை நிறைவேறவில்லை. விதவை பெட்ரோனெல்லாவிடமிருந்து கும்பெனி அரசாங்கம் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து எல்லாவற்றையும் வாங்கியது. எச். எச். வில்சன் 1828ல் வெளியிட்ட அட்டவணையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: 1,568 இலக்கியச் சுவடிகள், 2,070 ஊர்வரலாறுகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள், 2,630 ஓவியங்கள். அந்த 2,070க்குள்தான் நாம் தேடும் வம்சாவளிகள் இருக்கின்றன.

பிறகு நடந்தது பாகப்பிரிவினை. ஒரு பங்கு லண்டன் இந்தியா ஹவுஸுக்குக் கப்பலேறியது. ஒரு பங்கு கல்கத்தாவில் தங்கியது. தென்மொழி ஏடுகள் 1828ல் சென்னைக்குத் திரும்பின. திரும்பியவற்றைத் தொடர்ந்து ஆராயத் தகுதியுள்ள ஒருவர் சென்னையிலேயே இருந்தார். பாதிக்கு மேல் தன் கையால் திரட்டியவர், எது எந்த ஊரில் யாரிடம் வாங்கியது என்று தெரிந்தவர்: லட்சுமையா. அவர் விண்ணப்பித்தார். ஏசியாடிக் சொசைட்டியின் கருத்துக் கேட்கப்பட்டது. சொசைட்டியின் சார்பில் ஜேம்ஸ் பிரின்செப், உள்ளூர்க்காரர் ஒருவர் இப்படிப்பட்ட வேலைக்குத் தலைமை ஏற்க முடியாது, உதவியாளாக இருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். வேலை வில்லியம் டெய்லர் என்ற பாதிரியாருக்குப் போனது. இந்த ஒரு முடிவால் எவ்வளவு போனது என்று யோசித்தால் மனம் ஆறுவதில்லை. ஒவ்வொரு ஏட்டுக்கும் பின்னால் இருந்த மனிதர்கள், சொன்னவர் யார், பக்கத்து வீட்டுக்காரர் அதை மறுத்தாரா என்பதெல்லாம் லட்சுமையாவின் தலைக்குள் இருந்தது. அதைக் கேட்டு எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

டெய்லர் தன் பங்குக்குச் செய்தது சிறிய காரியமில்லை. 1830களின் பிற்பகுதியில் அவர் பார்த்தபோது பல தாள்களில் மை மங்கிக்கொண்டிருந்தது, பூச்சி துளைத்திருந்தது. வாசிக்க முடிகிறபோதே பெயர்த்தெழுதிவிட வேண்டும் என்று அரசாங்கத்தைச் சம்மதிக்க வைத்து, பெரிய தொகுதிகளாகப் படியெடுக்கச் செய்தார். இன்று நாம் படிக்கும் வம்சாவளிகள் சிலவற்றின் வாசகம் இந்தப் படிகளிலிருந்து வந்ததுதான். அதாவது பாளையத்து ஓலையைப் பார்த்து ஒருவர் தாளில் எழுத, அந்தத் தாளைப் பார்த்து இன்னொருவர் எழுத, அதைப் பார்த்து மூன்றாமவர் அச்சுக்குக் கொடுத்த பெயர் நம் கண்முன் இருக்கிறது. பிறகு சுவடிகள் சென்னையில் கைமாறிக் கைமாறிக் கடைசியில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் நிலைகொண்டன. நெடுங்காலம் சேப்பாக்கத்தில் இருந்த அந்த நூலகம் இப்போது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தில் இருக்கிறது.

ஏடு அலமாரியில் கிடந்த காலத்திலும் அதன் கதைகள் வேறு புத்தகங்களுக்குள் நடமாடின. டெய்லர் வெளியிட்ட சுவடிகளைப் பயன்படுத்தி ஜே. எச். நெல்சன் 1868ல் மதுரை மாவட்ட மானுவலை எழுதினார். கால்டுவெல் 1881ல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதினார். எச். ஆர். பேட் 1917ல் திருநெல்வேலி கெசட்டியரைத் தொகுத்தார். ஜமீன் குடும்பங்களின் கதைகள் இவற்றில் ஆங்கில உடை போட்டுக்கொண்டு மீண்டும் வந்தன. ஒரு தகவல் நான்கு புத்தகங்களில் இருப்பதால் அது நான்கு சாட்சியமாகிவிடாது. நான்கும் ஒரே ராயசக்காரர் எழுதியதிலிருந்து கிளைத்திருக்கலாம்.

ஜமீன்களும் சும்மா இருக்கவில்லை. எட்டயபுரம் அரண்மனைக்காகக் கவிகேசரி சுவாமி தீட்சிதர் எழுதிய ‘வம்சமணி தீபிகை’ 1879ல் அச்சில் வந்தது. ஏட்டில் கிடந்த குடும்பக் கதை முழுப் புத்தகமாகிவிட்டது. அதே ஊரில் பிறந்த சுப்பிரமணிய பாரதி, 1919ல் ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதி, அந்த நூலில் குறைகள் மலிந்திருப்பதைச் சுட்டி, நல்ல தமிழ் வசனத்தில் தானே திருத்தி எழுதித் தருவதாகச் சொன்னார். அது நடக்கவில்லை, இரண்டே ஆண்டில் அவர் போய்விட்டார். பாரதியின் கையால் ஒரு ஊர் வரலாற்று நூல் நமக்குக் கிடைத்திருக்க வேண்டியது. தீட்சிதரின் பழைய நூலைப் பின்னாளில் இளசை மணியன் தேடியெடுத்துப் பதிப்பித்தார். பல இடங்களில் துதிபாடும் நூல்தான் அது. ஆனாலும் எட்டயபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு அதைப் போல உதவும் நூல் வேறில்லை.

சுவடிகள் ஒவ்வொன்றாக அச்சுக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் ‘கொங்கு தேச ராஜாக்கள்’, ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ போன்றவற்றை வெளியிட்டது. டி. வி. மகாலிங்கம், மெக்கன்சி திரட்டிலுள்ள தமிழ், மலையாளச் சுவடிகளின் சுருக்கத்தை 1972ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியாகக் கொண்டுவந்தார். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ‘பாளையப்பட்டுக்களின் வம்சாவளி’யைத் தொகுதிகளாக அச்சிட்டது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இத்தகைய பழைய பதிப்புகள் பலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். வம்சத்தைப் பற்றிய ஏடு வம்சத்தாரின் கைக்குத் திரும்ப ஏறத்தாழ இருநூறு வருஷம் ஆகியிருக்கிறது.

அப்படித் திரும்பி வந்ததை எப்படிப் படிப்பது?

அச்சுப் பதிப்போடு நிற்காமல் ஒருமுறையாவது சுவடியைப் பார்த்துவிட வேண்டும். பழைய தமிழ்க் கையெழுத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இராது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் ஒரே வடிவம். ஒரு கொம்பு, ஒரு பகரம், ஒரு கால், ஒரு னகரம் என்று நான்கு குறிகள் வரிசையாக நிற்கின்றன என்று வையுங்கள். அதைப் ‘பொன்’ என்று படிக்கலாம், ‘போன’ என்று படிக்கலாம், ‘பேரன்’ என்றும் படிக்கலாம். குடும்ப வரலாற்றில் இந்த மூன்றுக்கும் உள்ள தூரம் கொஞ்சமா? இன்னாருடைய பேரனா, இன்னாரிடம் கொடுத்த பொன்னா என்பதை முன்பின் வாக்கியம்தான் தீர்மானிக்க வேண்டும். பதிப்பாசிரியர் தீர்மானித்ததைத்தான் நாம் அச்சில் பார்க்கிறோம். பெரும்பாலும் சரியாகத்தான் செய்திருப்பார்கள். ஆனால் உங்கள் குடும்பத்தின் ஒரு கண்ணி அந்த ஒரு சொல்லில் தொங்குகிறதென்றால் மூலத்தைப் பார்க்காமல் விடக்கூடாது.

அடுத்தது காலக் கணக்கு. ‘சித்தார்த்தி வருஷம் பட்டத்துக்கு வந்தார்’ என்று இருக்கும். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை சித்தார்த்தி வரும்: 1739, 1799, 1859. கதையோட்டத்தை வைத்து ஒன்றைத் தேர்ந்துகொண்டால் அறுபது வருஷம் முன்னோ பின்னோ தள்ளிப்போகலாம், அதாவது இரண்டு தலைமுறை காணாமல் போகலாம். கொல்லம் ஆண்டும் கூடவே கொடுத்திருந்தால் பிழைத்தோம். அதோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். வருவாய்க் கணக்கில் பசலி வரும்; அதற்கு 590 கூட்ட வேண்டும். பட்டத்துக்கு வந்தவர்களின் ஆட்சியாண்டுகளைக் கூட்டிப் பார்ப்பதும் நல்லது. ஒருவர்கூட விடாமல் எல்லோரும் முப்பது நாற்பது வருஷம் ஆண்டதாக வந்தால், தொடக்கத்தைப் பெரிய ராஜாவின் காலத்தோடு ஒட்டவைக்க யாரோ இழுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பெயர்களின் தொல்லை வேறு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பட்டப்பெயரோ தலைமுறை தலைமுறையாக ஒன்றே. எட்டயபுரத்தில் ஜெகவீரராம எட்டப்பர் ஒருவரா இருவரா என்று கேட்டால் பலர் என்பதுதான் பதில். ராமநாதபுரத்தில் முத்துராமலிங்க சேதுபதிகளும் அப்படியே. பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு இவர்தான் அவர் என்று கோடு இழுத்துவிடக் கூடாது. கோயிலுக்கு என்ன கொடுத்தார், யார் மகளைக் கட்டினார், எந்தச் சண்டையில் இருந்தார் என்று இன்னும் இரண்டு அடையாளமாவது ஒத்துவர வேண்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, வம்சாவளியில் எவரும் நின்று படிக்காத ஒருவகை வரி. ‘இவருடைய தம்பிக்கு ஜீவனத்துக்கு இன்ன கிராமம் விட்டுக்கொடுத்தது’ என்ற ரீதியில் போகிற போக்கில் வரும். அதற்குப் பிறகு அந்தத் தம்பியைப் பற்றிப் பேச்சே இராது. ஏடு பட்டத்துக்கு வந்த அண்ணன் வழியிலேயே நடக்கும். ஆனால் இன்று ‘நாங்கள் அரண்மனை வகையறா’ என்று சொல்லிக்கொள்ளும் சம்சாரிக் குடும்பங்களில் பெரும்பாலானவை அந்தத் தம்பிகள் வழியில் வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உங்கள் குலதெய்வம் இருக்கும் ஊரும் அந்தத் தம்பிக்கு விட்ட கிராமமும் ஒன்றாக இருந்தால், தேடல் சரியான இடத்தில் கால் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் குடும்ப வரலாற்றின் முதல் கேள்வி ‘உங்க குலதெய்வம் எங்கே இருக்கு?’ என்பதுதான். பிழைப்புக்காக எந்த ஊருக்குப் போனாலும், மாசி சிவராத்திரிக்கு எந்தக் கோயில் வாசலில் கூடுகிறார்களோ அதுதான் புறப்பட்ட ஊர்.

பெண்களை வம்சாவளியில் தேடினால் நெஞ்சு கனக்கும். யார் மகளைக் கட்டினார் என்று இருக்கும், அவள் பெயர் இராது. அதற்கு ஒரு வழி, இரண்டு பாளையங்களின் வம்சாவளிகளை அருகருகே வைத்துப் படிப்பது. மாப்பிள்ளை வீட்டு ஏடு விட்டதைச் சில சமயம் பெண் வீட்டு ஏடு சொல்லும். இன்னொரு வழி நீதிமன்றம். சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829ல் இறந்தபின் கிளம்பிய வாரிசு வழக்கு தலைமுறை தாண்டி நடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1863ல் அவருடைய மகள் காத்தம நாச்சியார் வென்றார். இத்தகைய வழக்குகளின் அச்சிட்ட ஆவணங்களில் யார் யாருக்கு மனைவி, யாருக்குப் பிறந்தவர், யார் தத்து என்று இரு தரப்பும் மாறி மாறிச் சொன்ன வாக்குமூலங்கள் கிடைக்கும். புகழ்பாடும் ஏட்டைவிடச் சண்டை போட்ட பங்காளிகளின் வாக்குமூலம் குடும்ப மரத்துக்கு அதிகம் உதவும்.

பாளையக்காரரின் வீட்டில் பிறக்காதவர்கள் இந்த ஏடுகளில் எங்கே இருக்கிறார்கள்? சேர்வைக்காரர், தலையாரி, பூசாரி, கணக்குப்பிள்ளை என்று தொழிலாக வருவார்கள். பெயராக வருவது அபூர்வம். உழுதவர்களுக்கும் தோல் பதனிட்டவர்களுக்கும் அதுவும் இல்லை. பாஞ்சாலங்குறிச்சிப் போரில் உயிர்விட்ட சுந்தரலிங்கத்தின் பெயரைத் தெற்குச் சீமை மறக்காமல் வைத்திருந்தது ராயசக்காரர்களின் தயவால் இல்லை, பாடியவர்களின் தயவால். நா. வானமாமலை கட்டபொம்மு கதைப்பாடலைத் திரட்டிப் பதிப்பித்ததை, மெக்கன்சியின் திரட்டுக்கு அருகில் வைக்க வேண்டிய வேலையாகவே நான் கருதுகிறேன். கொங்குப் பகுதியில் புலவர் செ. இராசு செப்பேடுகளையும் பட்டயங்களையும் வீடு வீடாகத் தேடிப் பதிப்பித்தார். உள்ளூர் வரலாறு என்ற அலமாரியில் இவற்றையும் சேர்த்தால்தான் எளிய குடும்பத்துக்கு அங்கே தேட ஏதாவது இருக்கும்.

கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இந்த அலமாரிக்கு வருகிறார்கள். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது முதல் 1911 வரை, கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றை எழுதிவைத்தார்கள். அவருடைய கொள்ளுப்பேரனிடம் இருப்பது, குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஒரு கிராமத்தின் பெயர் மட்டும். அது எந்த ஜமீனின் கிராமம், அந்த வருஷத்தில் அங்கே பஞ்சமா, எந்தச் சாதியார் எந்தத் தொழில் செய்தார்கள் என்பதை அவருக்குச் சொல்லக்கூடியவை மாவட்ட மானுவல்களும் ஊர் வரலாறுகளும்தான்.

வம்சாவளிகளில் ஒரு பொதுத்தன்மை உண்டு: எல்லாம் எழுதிய அன்றைக்கு உயிரோடிருந்தவரிடம் வந்து நின்றுவிடுகின்றன. 1800க்குப் பிறகு எழுதியது என்றால் கடைசிப் பெயர் அன்றைய ஜமீன்தார். குடும்பத்தின் நினைவோ மறுமுனையிலிருந்து கிளம்புகிறது. பாட்டி சொல்லித் தெரிந்தது அவளுடைய மாமனார் வரைக்கும், மிஞ்சிப்போனால் அவருடைய தகப்பனார் வரைக்கும், ஏறத்தாழ 1880. இடையே அறுபது எழுபது வருஷம், இரண்டோ மூன்றோ தலைமுறை, இரண்டு பக்கத்திலும் இல்லை. ஊர் வரலாற்றுப் புத்தகத்தை எடுத்தவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்தப் பள்ளத்தில்தான். விழுந்ததும் ஊகத்தால் நிரப்பிவிடுகிறார்கள்.

ஊகிக்கத் தேவையில்லை. 1858ல் ஏற்பட்ட இனாம் கமிஷன், மானிய நிலம் வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் அது யாருக்குக் கொடுத்தது, அவருக்கு இவர் என்ன முறை என்று கேட்டுப் பதிவேடு எழுதியது. ஜமீன்தார் தம்பி வகையறாவோடு நிற்காமல் கோயில் பூசாரி, குயவர், வண்ணார், நாவிதர், வெட்டியான் என்று மானியம் பெற்ற ஊழியக்காரர்களும் அதில் பெயரோடு வருகிறார்கள். தேவதாசிகளின் மானியத்தில் தாய், மகள், பேத்தி என்று பெண் வழியே பதிவாகியிருக்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் கலெக்டர் அலுவலகங்களிலும் அந்தப் பதிவேடுகள் இருக்கின்றன. 1860களிலிருந்து பத்திரப் பதிவு வந்துவிட்டது. பரண்மேல் கிடக்கும் மூலப் பத்திரத்தைப் பிரித்தால், ‘இன்ன கிராமத்திலிருக்கும் இன்னார் பேரனும் இன்னார் குமாரனுமாகிய இன்னார் எழுதிக்கொடுத்த’ என்று ஒரே வரியில் மூன்று தலைமுறை உட்கார்ந்திருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரமாக இருந்துவிட்டால் அதிர்ஷ்டம். பிதுரார்ஜிதம் வந்த வழியைச் சொல்லும்போது பாட்டனாரின் தகப்பனாரையும் அவர் தம்பிமாரையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அந்தப் பாட்டனாரின் தகப்பனார் பெயரை எடுத்துக்கொண்டு, தம்பிக்கு ஜீவனத்துக்கு விட்ட கிராமத்தின் பெயரையும் கையில் வைத்துக்கொண்டு, அப்போது திறக்க வேண்டும் வம்சாவளியை.